தாடைக் கட்டிக்குக் காலை ஏன் அமுக்கினார்?

ஆவணி 3, செவ்வாய்
காலையிலிருந்து சாரல். ஏலக்காய் குடோனில் காயெல்லாம் ஈரம், சொளகில் கொட்டித் தரம் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இடது தாடை வீக்கம் அப்படியே. போடியில் பல்லைப் பிடுங்கி மூன்று மாதம். சொத்தையே இல்லாத பல். அன்றே கேட்டிருக்க வேண்டும்.
வாங்க: சோப்பு, ரவை.

ஆவணி 5, வியாழன்
மதுரை. ஆசுபத்திரியில் தாடைச் சதையை எடுத்துப் பார்த்த முடிவு வந்துவிட்டது. பல்லை முளைக்க வைக்கிற செல்லாம். முளைத்த பிறகும் சும்மா இராமல் கட்டியாகிவிட்டதாம். அபூர்வமாம். புற்று இல்லையாம், ஆனால் தாடை எலும்பை வெட்ட வேண்டுமாம். விட்டால் அரித்துக்கொண்டே போகுமாம். புற்று இல்லையென்றால் வெட்டு எதற்கு? யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?
"எந்த இடத்துல எடுத்தீக? மேலயா, அடியிலயா?" என்று கேட்டேன். மூட்டையில் மேலே நல்ல பச்சைக் காய், அடியில் வெடித்ததும் வெளுத்ததும் வைப்பவர்களைத் தினம் பார்க்கிறேன். டாக்டர் கோபப்படவில்லை. ஸ்கேன் படத்தில் இடத்தைக் காட்டினார்.
பிறகு என் காலை அமுக்கினார், பாதத்தில் நாடி பார்த்தார். தாடைக்கு வந்தவள் காலில் இவருக்கு என்ன சோலி? வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி 8, ஞாயிறு
ஜீப்பைக் கழுவும் சாக்கில் வீட்டுக்காரர் போனில் குசுகுசு. "அவகிட்ட இப்பச் சொல்ல வேணாம் சார். வரமாட்டா." என்னைக் கண்டதும் பூப்பாறை லோடு பற்றிப் பேச்சு. புற்றுதான். மறைக்கிறார்கள். அழுதேன். ரசம் சாதம் மட்டும்.

ஆவணி 10, செவ்வாய்
குடோனில் முதலாளி எங்களைச் சோதிக்க, ஒருத்தி பார்த்த காயையே வேறு சீட்டு போட்டு இன்னொருத்திக்குத் தருவார். நானும் அதையே செய்தேன். சதையை வைத்த கண்ணாடித் துண்டை மதுரையில் கேட்டு வாங்கி, தேனியில் வேறு லேப்பில் கொடுத்தேன். முதல் முடிவைக் காட்டவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

ஆவணி 17, செவ்வாய்
வந்தது. அதே கட்டி. அதே 'புற்று இல்லை'. எழுத்துக் கூட்டி ஒப்பிட்டேன். அப்பாடா. ஆனால் போனில் மறைத்தது என்ன?
வீட்டுக்காரர் முன்னால் இரண்டு தாளையும் வைத்தேன். அப்போதுதான் சொன்னார்: வெட்டிய தாடைக்குப் பதில் என் கால் எலும்பில் ஒரு துண்டு எடுத்து வைப்பார்களாம். அதற்குத்தான் டாக்டர் காலில் ரத்த ஓட்டம் பார்த்தாராம்.
"காலுன்னு தெரிஞ்சா ஆசுபத்திரிப் பக்கமே வரமாட்டேன்னுதான் புள்ள" என்றார்.

ஆவணி 19, வியாழன்
வெயில். மதுரை. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. கொஞ்ச நாளில் நடக்கலாமாம். பயம்தான்.
எந்தக் கால் என்று டாக்டர் வாய் திறக்குமுன் சொன்னேன்: "இடது கால எடுத்துக்கங்க. வலது கால மடக்கித்தான் சொளகு வச்சுக் காய் பெறக்குவேன். அது எனக்கு வேணும்."
சரி என்றார். தாளில் எழுதச் சொல்லி, வாசித்துப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.