ஒரே மருந்துதான் இருவர் கையிலும்

செவ்வாய்க்கிழமை, ஆடி மாதம்.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எழுதினாலாவது தூக்கம் வருமா, பார்க்கலாம்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்குள் மருந்து செலுத்துகிறோம். சாயங்காலம் ஒரே வேனில்தான் புதுப்பட்டிக்குத் திரும்பினோம். வந்ததும் அவர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். அரிசி களைந்துகொண்டே, "அந்தக் குழம்பையாச்சும் சூடு பண்ணுங்களேன்" என்றேன்.

"கையெல்லாம் மருந்தா இருக்கு புள்ள. அடுப்புப் பக்கம் வந்தா பத்திக்கிரும்" என்று வெள்ளி நிறப் பொடி அப்பிய விரல்களை விரித்துக் காட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து இதே பதில்தான். என் கையில் மட்டும் என்ன, சந்தனமா இருக்கிறது? தண்ணீர்த் தொட்டியடியில் நின்று, நகக்கண் எரியத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தானே தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன்? நான் பற்றி எரிந்தால் பரவாயில்லையாக்கும்!

சோறு வெந்ததும் சாப்பிடக் கூப்பிட்டேன். மனுஷன் எழுந்து போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். விரலில் ஒரு பொட்டு மருந்து இல்லை.

"கழுவுனா போயிருதுல்ல?" என்றேன்.

"பெறகு? மருந்துக் கையோடயா சோறு திங்க முடியும்?" என்றார். அவருக்கு உறைக்கவே இல்லை.

நாளைக்கு நானும் சாப்பிடுவதற்கு மட்டும்தான் கை கழுவப் போகிறேன்.