அகர வரிசையும் மாமன் மடியும்

ஜெனீவா, மார்கழி 2006

அப்பாவுக்கு மணிகண்டன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

நேற்று இங்கே வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு எடுக்கப்பட்டது. இணையத்தில் தகவல் போகும் வழிக்கு விதி வகுக்க உரிமை கோரும் இரண்டு அமைப்புகளின் பெயர்களையும் அகர வரிசையில் எழுதலாம் என்பதுதான் அது. எந்த மொழியின் அகர வரிசை என்பது தை மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஒரே மடையை யார் திறப்பது என்று இரண்டு உப்பளக்காரர்கள் நின்றால் பாத்தி காய்ந்துதான் கிடக்கும். முடிவு தெரியும்வரை லீவு இல்லை என்று என்னை இந்தக் கூட்டத்துக்கு அனுப்பிய கம்பெனி சொல்லிவிட்டது.

"உன் மடியிலதான் காது குத்தணும்னு தள்ளிப் போட்டு, புள்ள நடக்கவே ஆரம்பிச்சிட்டாண்ணா" என்று தங்கச்சி பொன்னி போனில் சொன்னாள். "அமைப்புங்க பேரை அகர வரிசையில எழுதலாம்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா, இனிமே சீக்கிரந்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

யாராவது வந்தால் நம் அளத்து உப்பு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புங்கள். இங்கே எதிலும் ருசி இல்லை. கூட்டத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

தை மாதம் பெரியப்பா மகன் பிரபுவின் மடியில் குழந்தையை உட்காரவைத்துக் காது குத்திவிடுங்கள்.