கிப்பர் சொன்ன பொய்கள்

பிப்ரவரி 4, செவ்வாய்

போர்ட் பிரியில் இன்று 43 டிகிரி, ஆஸ்திரேலியக் கோடை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. இதை எழுத உட்கார்ந்ததும் கிப்பர் வந்து முன்காலை என் முழங்காலில் வைத்தான். சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். முப்பத்தொரு வருட நோயில் என் உடம்புக்கு அது தெரிவதே நின்றுபோய்விட்டது. அதை முகர்ந்து சொல்லத்தான் இந்த நாய். "இருடா, இந்த வரிய முடிச்சுக்கறேன்" என்றேன். முடித்துவிட்டு விரலைக் குத்தினால் 5.6. நாலுக்குக் கீழே போனால்தானே பயம்? பரிசாக ஈரல் துண்டு கிடைக்கும் என்று என் கையையே பார்க்கிறான். கொடுக்கவில்லை. அவன் கால் வைப்பதையெல்லாம் குறிக்கும் நோட்டில் "பொய்" என்று எழுதினேன்.

பிப்ரவரி 8, சனி

பௌல்ஸ் கிளப்பில் புல்தரைப் பந்துருட்டு ஆட்டம். பந்தைக் கையில் எடுத்துக் குனிகிறேன், கிப்பர் கால் வைக்கிறான். அத்தனை பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். 6.1. பக்கத்து வீட்டு மெர்வ் சும்மா இருப்பாரா? "ஈரலுக்கு நடிக்கிறான் கிளெனிஸ்! என் பேரப்பசங்களே தேவலாம் போலிருக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு, "போடா பொய்க்காரா" என்று அவன் காலைத் தள்ளிவிட்டேன்.

திரும்பி வந்தபோது வாசல் கதவில் சாவியை நுழைக்கவே வெகுநேரம் ஆயிற்று. வெயில்தான் காரணம்.

பிப்ரவரி 13, வியாழன்

மூன்று நாளாக அவன் தொந்தரவே இல்லை. துணி துவைக்கும் அறைக் கதவோரம் படுத்துக்கொள்கிறான். அப்பாடா.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரி. நேற்று சமையலறைத் தரையில் கிடந்தேனாம். குழாய் திறந்தபடி இருக்க, தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு மெர்வ் வந்து பார்த்திருக்கிறார். 1.7. "கிப்பர் உன் பக்கத்துலயேதான் படுத்திருந்தான். ஒரு சத்தம் போடல" என்றார்.

ஒரு சத்தம் கூடவா? அப்புறம் எதுக்குடா நீ? எதுக்கு உனக்குச் சோறு போடறேன்?

அடிலெய்டிலிருந்து தங்கை ரோவீனா பேசினாள். "போதும்க்கா. வீட்ட வித்துட்டு இங்க வந்துடு. பின்னாடி ரூம் சும்மாதான கெடக்கு." அந்த அறையில் இஸ்திரி மேசை இருக்கிறது. அதன் பக்கத்தில் இனி நான். தனியாக இருக்க முடியாது என்று டாக்டரும் சொல்லிவிட்டால்? கிப்பர் இல்லையென்றால் என் வீடும் இல்லை. அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வியாழன்

கிப்பரைப் பழக்கிய டெஸ்லி வந்தாள். வந்ததும் நோட்டைக் கேட்டாள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"ரெண்டாவது நம்பர் எங்க?"

"என்ன நம்பர்?"

"அவன் கால் வச்சா ஒடனே ஈரல். பதினஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி குத்தணும். எத்தன வாட்டி சொல்லிக் குடுத்தேன்? எறங்க ஆரம்பிக்கும்போதே அவனுக்கு வாசன வந்துடும். மெஷினுக்குத் தெரிய நேரமாகும்."

ஏழு இடத்தில் பொய் என்று எழுதியிருக்கிறேன். ஏழு இடத்திலும் இரண்டாவது எண் இல்லை.

"அவன் பொய் சொல்லல கிளெனிஸ். வாய மூடுன்னீங்க, மூடிக்கிட்டான்."

நான்கு வாரம் கொடுத்திருக்கிறாள். மார்ச் 20க்குள் அவன் மாறவில்லை என்றால் திரும்பக் கூட்டிப் போய்விடுவாள்.

மார்ச் 2, ஞாயிறு

சர்க்கரை குறைந்த சமயங்களில் என் எச்சிலில் நனைத்த பஞ்சு, அவனைப் பழக்குவதற்காக ஃப்ரீஸரில் ஒரு ஜாடி நிறைய இருக்கிறது. ஒன்றை உள்ளங்கையில் மறைத்து நீட்டினேன். முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஈரலும் வேண்டாமாம். தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுடுடா, பொய் சொன்னது நான்தான்டா" என்று அழுதேன். அவன் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 3

ஒன்றுமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஒன்றுமில்லை. மணிக்கொரு தரம் குத்துகிறேன், விரலெல்லாம் சல்லடை. பின் அறைக்கு வெள்ளை அடித்துவிட்டதாக ரோவீனா படம் அனுப்பியிருக்கிறாள். செத்துத் தொலைந்தாலும் சரி, அங்கே போகமாட்டேன். இப்படி எழுதலாமா? எழுதிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் ஏதோ பட்டது. பட்டதும் விலகிவிட்டது, அடிவிழும் என்று பயந்தவன் மாதிரி.

முதலில் ஈரல். டப்பாவையே கவிழ்த்தேன். பிறகுதான் குத்தினேன். 5.9. அந்தப் பழைய வார்த்தை தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். இருவரும் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தோம். பதினைந்து நிமிடம்.

3.3.

ஜூஸைக் குடித்துக்கொண்டே அழுதேன். டெஸ்லியைக் கூப்பிட்டுச் சொன்னால், "ஒரு தடவ போதாது கிளெனிஸ்" என்கிறாள்.

மார்ச் 20, வியாழன்

டெஸ்லி வண்டியில் நாய்க்கூண்டோடு வந்தாள். நோட்டைப் படித்தாள். நான்கு நாளில் ஐந்து தடவை. ஐந்திலும் இரண்டாவது எண் இருக்கிறது. இரண்டு கப் டீ குடித்தாள். கூண்டு காலியாகத் திரும்பிப் போனது.

ஏப்ரல் 5, சனி

சீசனின் கடைசி ஆட்டம். தோற்றோம். "இன்னிக்கு எத்தன ஈரல் ஏமாத்தினான்?" என்று மெர்வ் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதி வைக்க வேண்டும். "மெர்வ், அன்னிக்கு நீங்க சிரிச்சப்ப" என்று ஆரம்பித்து, அவரை நேராகப் பார்த்து நான் — கிப்பர் கால் வைத்துவிட்டான், இந்த வரி அப்புறம்