முதலில் நடிப்பு, பிறகு எழுத்து

07.07.2008, திங்கள்

எட்டாம் வகுப்புக்கு இந்த மாதம் பேச்சை எழுத்தாக்கும் பயிற்சி. இந்தப் பிள்ளைகளைப் பேசச் சொன்னால் கடல் தோற்றுப்போகும். எழுதச் சொன்னால் பேனாவில் மை இல்லை. படிகளை வரிசையாகப் போட்டுவிட்டேன். முதலில், வீட்டில் கேட்ட பேச்சை அப்படியே எழுதுதல். அடுத்து, கடுஞ்சொல் நீக்கி, ‘இவ்வாறு கூறினார்’ என்று நல்ல நடையில் மாற்றுதல். பிறகு நான் திருத்துவேன். கடைசியில்தான் நடிப்பு. பதினெட்டாம் தேதி மேற்பார்வையாளர் ரசலையன் சார் வகுப்பைப் பார்க்க வருகிறார்.

வீட்டில் இன்றும் இவரோடு பேச்சில்லை. இவருடைய அக்கா நேசபாய் மைனியின் புதுவீட்டுப் பால்காய்ச்சில், அத்தனை பேர் முன்னால் இவர், “கல்யாணம் கழிஞ்சு இண்ணைக்குத்தான் நான் புளிமுளம் தின்னேன்” என்றாரே! அப்போ இத்தனை வருஷம் நான் வைத்த புளி மீன்கறி எல்லாம் என்ன, வெந்நீரா? தப்பு என்று இவர் வாயால் சொல்லட்டும். அதுவரை என்னிடமிருந்து ஒரு சொல் கிடையாது.

10.07.2008

மகள் ஸ்மைலின்தான் நடுவில் தபால்காரி. பள்ளியிலும் என் எட்டாம் வகுப்புதான், பாவம்.

“உங்கப்பாகிட்ட செல்லு, சோறு மேசையில இருக்கு. வேணும்னா தின்னட்டும், வேண்டாம்னா அக்கா வீட்டுக்குப் போட்டும்” என்றேன். முன்னறைக்குப் போய் ஏதோ சொன்னாள். முறைத்துக்கொண்டு வருவார் என்று பார்த்தால், கைகழுவி, ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். என்ன மனுஷனோ.

14.07.2008, திங்கள்

இவருடைய பதில்கள் நாளுக்கு நாள் மரியாதையாகிக்கொண்டே வருகின்றன. “கறி நல்லா இருந்துச்சாம், ஆனா அதைச் சொல்லத் தயக்கமா இருக்காம்” என்கிறாள் ஸ்மைலின்.

தயக்கமா? கருங்கல் சந்தையில் உரக்கடை வைத்துக்கொண்டு நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறவருக்கா? ஆனாலும் மனசு கொஞ்சம் இளகியது. நாளைக்குச் சாளை மீன் வாங்க வேண்டும்.

15.07.2008

மீன்காரி பூங்கனியிடம் சாளை வாங்கினேன். அவள் மகன் சகாயம் இன்னும் ஒரு வரி எழுதித் தரவில்லை என்றும் சொல்லிவிட்டேன்.

17.07.2008, வியாழன்

“அம்மா, அப்பா வருத்தம் தெரிவிச்சாங்க.”

“அப்படியே அதத்தான் சொன்னாங்களா?”

“அதத்தாம்மா.”

உருகிப்போனேன். உண்மை, அழுகையே வந்தது. நாளை வகுப்பு முடியட்டும், நானே போய்ப் பேசிவிடுகிறேன். எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவது?

18.07.2008, வெள்ளி

ஐயோ ஆண்டவரே.

நோட்டை எடுங்கள் என்று நான் சொல்லும் முன்பே ரசலையன் சார் எழுந்துவிட்டார். “டீச்சர், எழுத்தைக் கடைசியில வையுங்க. முதல்ல பிள்ளைங்க நடிக்கட்டும். நடிச்சாத்தான் எழுத வரும்.” என் வரிசை தலைகீழ். நான் திருத்தி வடிகட்டுகிற அந்தப் படியே இல்லாமல் போயிற்று. சரி சார் என்றேன் — வேறென்ன சொல்ல?

சகாயம் முதலில் வந்து, அவன் அப்பா செருப்பைத் தேடுவதை நடித்தான். சார் சிரித்தார். அடுத்து, “அந்தப் பிள்ள வரட்டும்” என்று ஸ்மைலினைக் காட்டினார். யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாதே!

என் மேசைத் துணியை எடுத்து முந்தானையாகப் போட்டுக்கொண்டாள். “வேணும்னா தின்னட்டும், வேண்டாம்னா அக்கா வீட்டுக்குப் போட்டும்!” — என் குரல், என் கழுத்து வெட்டு, எல்லாம். பிறகு கைகட்டி நின்று, “நல்ல நடையில்: அப்பா, தங்களை அம்மா உணவருந்த அழைக்கிறார்கள்” என்றாள். வகுப்பு ஆர்ப்பரித்தது.

அதோடு விட்டாளா? அதே துணி இப்போது அப்பாவின் தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டு. “உங்கம்மைக்க பெகளம் தீந்துச்சா? தீரலேன்னா இருக்கட்டும். வீடு இப்பத்தான் அமைதியா இருக்கு!” மறுபடி கைகட்டல். “நல்ல நடையில்: அப்பா வருத்தம் தெரிவித்தார்.”

ரசலையன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இந்தப் பிள்ளைக்க வீட்டுல ஒரு நாள் போய் இருந்து பாக்கணும் டீச்சர். யாரு வீடு?”

முன்பெஞ்சு சிந்தியாதான் எழுந்தாள். “சார், அவ நம்ம டீச்சருக்க மகளாக்கும்.”

‘வகுப்பு அருமை’ என்று எழுதிவிட்டுப் போனார். எந்த அருமையைச் சொன்னாரோ.

பஸ்ஸில் வரும்போது பொரிந்து தள்ளினேன். “ஏட்டி, ஏன் இப்படிப் பண்ணுன?” ஸ்மைலின் அழுதுவிட்டாள். “கடுஞ்சொல்ல எடுத்துட்டுத்தான் எழுதணும்னு நீங்கதானே சொன்னீங்க. நீங்க ரெண்டு பேரும் சொன்னத அப்படியே சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நடுவுல நின்னு நின்னு எனக்கு வயிறு வலிக்குதும்மா.”

அவர் சொல்லாத வருத்தத்துக்கு நான் அழுதேன். நான் கூப்பிடாத சாப்பாட்டுக்கு அவர் கைகழுவி வந்தார். இந்தப் பிள்ளையின் தமிழில்தான் நாங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

19.07.2008, சனி

சகாயம் சொல்லி, பூங்கனி சொல்லி, காலையிலேயே செய்தி கருங்கல் சந்தைக்குப் போய்விட்டது. மதியம் கடையைப் பூட்டிவிட்டு இவர் வந்தார். முன்னறையில் நின்று ஸ்மைலினிடம், “மக்களே, உங்கம்மைகிட்ட...” என்று தொடங்கினார்.

“எனக்கு இண்ணைக்கு லீவு” என்று ஸ்மைலின் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர். மின்விசிறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நீ என்னைய ‘தங்களை’ன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு, கேட்டியா?”

சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். முடியவில்லை.

“அக்கா வீட்டுல நான் சொன்னது தப்பு. எல்லாரும் சிரிப்பாங்கன்னு சொல்லிட்டேன்.”

“சிரிச்சாங்கல்லா?”

“சிரிச்சாங்க. நீ சிரிக்கல்லியே.”

22.07.2008, செவ்வாய்

வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் நடிப்பு, பிறகு எழுத்து, திருத்தம் கடைசியில். சகாயம் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறான், செருப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஸ்மைலின் மட்டும் வெறும் தாளைக் கொடுத்தாள். “எழுதுறதுக்கு வீட்டுல ஒண்ணும் நடக்கல்ல டீச்சர்” என்றாள்.

இரவுக்குப் புளிமுளம் வைத்தேன். இவர் ஒரு வாய் தின்றுவிட்டு, நேராக என் முகத்தைப் பார்த்து, “உப்பு கூடிப்போச்சு” என்றார்.

இன்னொரு கரண்டி ஊற்றினேன்.