கூரையை எட்டாத சுவர்

இன்று காலை ரொட்டி கருகிவிட்டது. கல்லில் மாவு தீயும் அந்த மணம் எழுந்ததும், அடுப்படியில் நீ நிற்பதாகவே எண்ணித் திரும்பினேன். நீ ரொட்டியைக் கருகவிட்டவள் அல்லள். நான் கருகவிட்ட நாட்களில் கத்தி முனையால் கருகலைச் சுரண்டி எடுத்து, "பரவாயில்லைங்க, சம்பலோட தின்னா ஒண்ணும் தெரியாது" என்று சிரித்தவள்.

நீ போன பின் இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. றக்வான மலையில் அதே ஈரம். துவைத்த துணி காய மறுக்கும் அதே மாலைகள். சமைக்கிறேன், துவைக்கிறேன், தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறேன். எவரேனும் பேச அழைத்தால் ஞாயிறுகளில் மேடையேறுகிறேன். நெடுந்தொலைவு நடந்து வந்தவன் போலத்தான் ஒவ்வொரு மாலையும் படியில் அமர்கிறேன். ஆயினும் இம்மடலை எழுதத் தூண்டியது அந்தச் சோர்வு அன்று. நம் மகள் கயல்விழி பள்ளியை விட்டு நின்றாள். கொழும்புக்குப் போகப் பெட்டியும் கட்டினாள். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அவளுக்குப் பதின்மூன்று நிறைந்த பருவத்தில், நீ மாலைதோறும் அவளை இறப்பர் மரங்கள் நிற்கும் மலைக்கு விறகு பொறுக்க அழைத்துச் செல்வாய். கொழுந்து பறித்து ஓய்ந்த உடம்போடு மீண்டும் ஏன் மலையேறுகிறாய் என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஒருநாள் வாசலில் மறித்துக் கேட்டேன். "அடுப்படி நிறைய விறகு கிடக்கிறதே, திருமணமா நடத்தப் போகிறோம்?"

"நீங்க திருமணத்த மேடையில நடத்துங்க. நான் கொஞ்சம் வெறகு பொறுக்கிட்டு வாறேன்" என்றாய். அவள் முன்னே நடந்ததும் குரலைத் தாழ்த்தினாய். "வயசுப் புள்ளைங்க. வீட்டுக்குள்ள வச்சு ஒண்ணு கேட்டா லயமே காது வைக்கும். அதுவுமில்லாம, மூஞ்சியப் பாத்துக் கேட்டா வாயத் தொறக்காதுங்க. கையில வேலை இருந்தா தானா வரும்."

நம் லயத்தை நீ அறிவாய். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு சுவர். அச்சுவரோ தகரத்தை எட்டாமல் இடையிலேயே நின்றுவிடும். முதல் வீட்டில் இருமினால் கடைசி வீட்டில் மருந்து சொல்வார்கள். நான் அதை மேடைகளில் உரிமைக் குறைவாக முழங்கியிருக்கிறேன். நீயோ அதை ஒரு தாயாக அளந்து வைத்திருந்தாய். மலையில் மகள் உன்னிடம் என்ன சொன்னாள், நீ என்ன மறுமொழி தந்தாய் என்பதை ஒருபோதும் எனக்குச் சொன்னதில்லை. தலைச்சுமையோடு இருவரும் இறங்கி வருவீர்கள். அவள் முகம் தெளிந்திருக்கும். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

சென்ற மாதம் எம்பிலிப்பிட்டியவில் ஒரு பரிசளிப்பு விழாவில் பேசிவிட்டு, தொண்டை கட்டிய நிலையில் வீடு திரும்பினேன். அடுப்பு மூட்டப்படவில்லை. கயல் கைப்பேசியில் யாருடனோ சிங்களத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "யாரது?" என்றேன். "நதீஷாதாம்ப்பா. கிளாஸ்ல பக்கத்துல இருக்கவ" என்று சொல்லிவிட்டு, மீண்டும் "அனே, ஹரி ஹரி" என்று சிங்களத்தில் 'சரி சரி' சொல்லிச் சிரித்தாள்.

அப்போது தொடங்கினேன். காடு திருத்திய முன்னோரைச் சொன்னேன், தாய்மொழியைச் சொன்னேன், படிப்பைச் சொன்னேன். அடுத்த வீட்டு வானொலி அடங்கியது. அது என் காதில் விழுந்தது, விழுந்தும் நிறுத்தவில்லை. கட்டியிருந்த தொண்டை திறந்துகொள்ள, "உன்னைப் படிக்க வைப்பதற்காகவே நோயை மறைத்து மலையேறி, மலையிலேயே சாய்ந்தாளே உன் தாய், அவள் சிந்திய வியர்வைக்கு நீ தரும் விலை இதுதானா?" என்று முடித்தேன்.

சுவருக்கு அப்பால் யாரோ கைதட்டினார்கள்.

அடுத்த வீட்டு மாரிமுத்து அண்ணன்தான். "போடு! நம்ம தலைவரு பேசினா பேச்சுதான்!" என்று அவர் குரலும் வந்தது. கேலி இல்லை, உண்மையாகவே மெச்சினார். அந்தக் கைதட்டலுக்கு என் முதுகு ஒரு கணம் நிமிர்ந்தது. மறுகணம் மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியலில் தண்ணீர்ப் பீலியடியில் குடம் நிரப்பிய பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்களாம். பள்ளிப் பேருந்தில் ஒருத்தி என்னைப் போலவே கையை உயர்த்தி, "இதுதானா விலை?" என்று முழங்க, எல்லோரும் சிரித்தார்களாம். பாதி வழியில் இறங்கி நடந்தே வீடு வந்துவிட்டாள். அதன் பின் போகவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கெஞ்சினேன், ஆசிரியையை அழைத்துப் பேச வைத்தேன். பயனில்லை. ஒரே கூரையின் கீழ் இருவரும் தனித்தனியே உண்டோம். ஒருநாள் தட்டைக் கழுவியவாறே சொன்னாள்: "கொழும்பு அத்தை கடையில ஆள் கேக்குறாங்களாம். ஞாயித்துக்கெழம போறேன்."

அந்த அத்தையான என் தங்கையும் பதினாறு வயதில் அப்படித்தான் போனாள், உனக்குத் தெரியும். துணிக்கடையில் நின்று நின்றே கால் வீங்கியவள். "கயல், ஒன்று சொல்கிறேன் கேள்" என்று வாயெடுத்தேன்.

"இன்னைக்கும் கூட்டமாப்பா?" என்றாள்.

எத்தனையோ மேடைகளில் குறுக்குக் கேள்விகளுக்கு அங்கேயே மறுமொழி சொன்னவன் நான். அன்று எழுந்து வாசற்படிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மாலை கத்தியையும் கயிற்றையும் எடுத்தேன். "விறகுக்குப் போகிறேன். வருகிறாயா?" என்றேன். கயிற்றைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மலையில் நான் ஒன்றும் பேசவில்லை. அது எவ்வளவு கடினம் என்பதை நீ ஒருத்திதான் அறிவாய். சொற்கள் நாக்கில் அணிவகுத்து நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு சுள்ளி பொறுக்கினேன். ஈரக் கொம்பு ஒன்றை நான் இழுத்தபோது, "அது பச்சை. எரியாது. போடுங்க கீழ" என்றாள். போட்டேன். மேலும் சற்று ஏறினோம். குனிந்தவாறே, என்னைப் பாராமலே கேட்டாள்:

"அம்மா செத்தத ஏன் சொன்னீங்க?"

நிமிர்ந்தேன். அவள் நிமிரவில்லை.

"சிங்களத்துல பேசுறேன்னு ஏசினீங்க, சரி. படிக்கலன்னு ஏசினீங்க, சரி. நதீஷாதான் எனக்குக் கணக்கு சொல்லித் தாறா, அது ஒங்களுக்குத் தெரியாது, அதுவும் சரி. அம்மா நோவ மறைச்சது நம்ம வீட்டு விசயம்ப்பா. அத ஏன் எல்லாருக்கும் கேக்கச் சொன்னீங்க? அவங்க கைதட்டுறாங்க."

எத்தனையோ விளக்கங்கள் எழுந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, "இனிச் சொல்ல மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"அதையாச்சும் மெதுவா சொல்லுங்கப்பா. கீழ லயத்துக்குக் கேக்கப் போவுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. விறகைப் போட்டுவிட்டு அவளருகில் அமர்ந்தேன். அங்கே எங்களைக் கேட்க மரங்களைத் தவிர எவருமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளோடு பள்ளிப் பேருந்தில் ஏறவும் மாட்டேன் என்றாள். கீழ்ப் பாதையில் வரும் தனியார் பேருந்தில் போவதென்று முடிவாயிற்று. அதற்குத் தேயிலைக்குள் நெடுந்தூரம் இறங்க வேண்டும். காலில் ஏறும் அட்டைகளை உதறிக்கொண்டே நாள்தோறும் நானும் துணைக்கு இறங்குகிறேன். வழியில் பேசக் கூடாது என்பது அவள் விதித்த கட்டளை. முழங்கால் வலிக்கிறது. வேலைக்குப் பிந்துகிறேன், கங்காணி முணுமுணுக்கிறார்.

இன்று பேருந்து பிந்தியது. மழைத் தூறலில் இருவரும் ஒரே குடையில் நின்றோம். திடீரென்று, "எதாச்சும் பேசுங்கப்பா" என்றாள்.

நாற்பது வயதுக்கு மேல் பேசக் கற்பவனைப் போலத் தடுமாறினேன். பிறகு கேட்டேன்: "நதீஷா எப்படியிருக்கிறாள்?"

கயல் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். நதீஷாவைப் பற்றி, தன்னைப் பற்றி, தேர்வைப் பற்றிய தன் அச்சத்தைப் பற்றி, நான் நினைத்தும் பாராத வேறொன்றைப் பற்றியும். பேருந்து வந்து நின்ற பின்னும் படியில் கால் வைத்தவாறே சொல்லிக்கொண்டிருந்தாள். நடத்துநர் சிங்களத்தில் அதட்டிய பிறகே ஏறினாள்.

அவள் சொன்னவை அனைத்தையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மலையேறி வந்தேன். அவை என்னவென்று இம்மடலில் எழுத மாட்டேன். எவரிடமும் சொல்ல மாட்டேன், உன்னிடம்கூட.