ஒரு கிலோ கால்சட்டை

யூமெய்,

நீயும் மகளும் சுகம்தானே? எனக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் அழுவாய் என்று எழுதுகிறேன்.

நீ பஞ்சு வைத்துத் தைத்தனுப்பிய கால்சட்டையோடு செவ்வாயன்று டயாலிசிஸுக்குப் போனேன். எடை பார்த்த நர்ஸ் தாவ், "என்னண்ணே, அண்டா அண்டாவா சூப் குடிச்சீங்களா?" என்று கத்தினாள். உடம்பில் ஒரு கிலோ தண்ணீர் கூடியிருப்பதாக நினைத்து, மெஷினில் அதையும் எடுத்துவிட்டார்கள். கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, கண் கொஞ்சம் இருட்டியது, அவ்வளவுதான். அப்புறம்தான் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டில் கெங் அண்ணன், "அது தண்ணியில்ல தாயி, இவன் பொண்டாட்டி பாசம்! அதையும் உறிஞ்சிட்டியே!" என்றார். அவர் மனைவி ஆப்பிளை வேகவைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் சிரித்தோம்.

"இனிமே இதக் கழட்டிட்டு எடை மெஷின்ல ஏறுங்க" என்றாள் தாவ். மாட்டேன் என்றேன்.

அதே நீல நூல் ஒரு கண்டு அனுப்பு. முழங்காலில் தையல் விட்டிருக்கிறது, நானே தைத்துக்கொள்வேன். ஆலைச் சங்கு ஊதிவிட்டது, வேலைக்குப் போகவேண்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

தாவ் கடைசியில் கால்சட்டையைத் தனியாக எடை போட்டாள். என் அட்டையில் 'உடன் வந்தவர்' என்ற இடம் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடந்தது. அங்கே எழுதிவிட்டாள்: 'கால்சட்டை, ஒரு கிலோ.'

உன்
ஷோவ்தியென்