கிழவியின் இரண்டு மகள்கள்

இன்று ஆடி பதினெட்டு. எனக்கு எழுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. சார், உங்கள் மகன் என் துடியலூர் வீட்டுக்கு உங்களுடைய பைனாகுலரை அனுப்பியிருக்கிறான். "அப்பா ஞாபகமா நீங்களே வெச்சுக்குங்க அத்தை" என்று ஒரு சீட்டு. ஜப்பானிலிருந்து நீங்கள் வாங்கிவந்தது. வில்லையில் ஒரு கீறல் இல்லை. பயன்படுத்தியிருந்தால் அல்லவா கீறல் விழும்!

அங்கே குரங்கு ஆய்வாளர்களோடு ஆறு மாதம் இருந்தீர்கள். ஒவ்வொரு குரங்கையும் முகத்தால் அறிந்து, பெயரிட்டு, எது எதற்குப் பிறந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்துவருவது அவர்கள் வழக்கம். நீங்களோ இடுப்பை வளைத்து வணங்கக் கற்றுவந்தீர்கள். காத்திருக்கக் கற்றுவரவில்லை.

சத்தியமங்கலம் காட்டோரத்தில் வாரத்தில் ஆறு நாள் நாட்டுக் குரங்குகளோடு கிடந்தவள், கல்லூரியில் உங்கள் விலங்கியல் துறையில் செய்முறை வகுப்புக்கு டெமான்ஸ்டிரேட்டராக இருந்த நான். முப்பத்தொரு முகங்களுக்கும் பெயர் வைத்தவளும் நான்தான். நீங்கள் ஞாயிறுதோறும் காரில் வந்து, பாறைமேல் நிலக்கடலையை வீசிவிட்டு, ஃபிளாஸ்க்கைத் திறப்பீர்கள்.

ஒருமுறை கோணவாலனைக் காட்டி, "ஏனுங்கம்மணி, இதுதானுங்களே கிழவி?" என்றீர்கள்.

"அது ஆம்பளைங்க சார்."

"வெயிலு கண்ணக் கூசுதுங்க" என்றீர்கள், மர நிழலில் உட்கார்ந்துகொண்டு.

உங்கள் இரங்கல் கூட்டத்தில் ஒருவர், குரங்குகளின் முகம் படித்த மேதை என்று உருகினார். சிரிப்பை மறைக்க நான் இருமவேண்டியதாயிற்று.

அந்தக் கிழவியை விட்டு அகலாததால் அவள் மகள்கள் என்று நாம் கொண்ட இருவர் இருந்தார்கள்: வெடுக்கி, சாந்தி. கடலைக்குச் சண்டை வந்தால் எப்போதும் வெடுக்கிதான் வெல்வாள். சகோதரிகளில் இளையவளுக்கே மேலிடம் என்று ஜப்பானியர் தங்கள் குரங்குகளிடம் கண்டிருந்தார்கள். அதையே இங்கும் கண்டதாக எழுத உங்களுக்கு அவசரம்.

"மழைக்குள்ள ஒண்ணும் தேறலீன்னா இதை மூடிப்போடலாமுங்க. நீங்க தவளை அறுக்கற வகுப்புக்கே வந்துருங்க" என்றீர்கள்.

அடுத்த ஞாயிறு, கடலைத் தோல் சிதறிய அந்தப் பாறையில் கேட்டீர்கள்: "வெடுக்கிதானுங்களே எளையவ?"

"ஆமாங்க சார்" என்றேன்.

அந்த ஒரு சொல்லின்மேல் உங்கள் கட்டுரை எழுந்தது. துறைத்தலைவர் நாற்காலியும் பின்னாலேயே வந்தது. கட்டுரையின் இறுதியில் உதவியவர்களுக்கு நன்றி சொன்ன பட்டியலில், உங்கள் கார் டிரைவருக்குப் பிறகு என் பெயர். எனக்கு மேலும் நான்கு ஆண்டுகள் காடு கிடைத்தது.

இந்தச் சோம்பேறித்தனத்துக்காக உங்களை நான் இன்றுவரை இகழ்ந்துவருகிறேன். இறந்துவிட்டீர்கள் என்பதற்காக நிறுத்துவதாக இல்லை. எப்படித் தெரியும் என்று ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். மாணவன் ஒருவன் இப்படி எழுதிக்கொடுத்திருந்தால் நோட்டை முகத்தில் எறிந்திருப்பீர்கள். என்னிடம் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கிருந்த நிம்மதியை உங்களுக்குக் காட்டாமலே ஓய்வும் பெற்றேன்.

நாம் முதன்முதலில் அங்கே போனபோதே வெடுக்கியும் சாந்தியும் வளர்ந்த பெண்கள்; இருவர் வயிற்றையும் பற்றியபடி குட்டிகள். அவர்கள் பிறந்ததைக் கண்டவர் எவருமில்லை. இளையவள் யார் என்று எனக்குத் தெரியாது, சார். ஒருபோதும் தெரிந்திருக்கவில்லை.